கிட்டார் பலகைக்கு எவ்வளவு எண்ணெய்

இப்போது வருகிற கிட்டார்களில் பாதிக்கு எண்ணெயே வேண்டாமாம். விரல் வைத்து அழுத்துகிற அந்த நீளப் பலகையை மரமாகச் செய்யாமல், ஏதோ தூளையும் பசையையும் சேர்த்து அழுத்தி வார்த்துவிடுகிறார்களாம். காயாது, வெடிக்காது. ஈரத்துணியால் ஒரு துடை, முடிந்தது. வேலூரில் நான் வேலை பார்த்த கடையிலிருந்து சசிகலா போன் செய்து இதைச் சொன்னாள். "அக்கா, உங்க டிபார்ட்மெண்ட்டை மூடிட்டாங்க" என்று சிரித்தாள்.

"மூடினா மூடட்டும்டி. எனக்கு இன்னா, பென்ஷனா நின்னுடப் போவுது?" என்றேன். அவள் விடவில்லை. கடைக்கு ஒரு சின்ன மலர் போடுகிறார்களாம், பழைய ஆட்கள் எல்லாரும் தங்கள் வேலையைப் பற்றி எழுத வேண்டுமாம். எண்ணெய் போடும் முறையை நான் எழுதித் தர வேண்டுமாம். சரி, எழுதுகிறேன். ஆனால் முறையை மட்டும் எழுத என்னால் ஆகாது. எண்ணெய் என்றாலே எனக்கு அருள்தாஸ் அண்ணன் முகம் வந்துவிடுகிறது. அவரையும் சேர்த்துத்தான் எழுதுவேன். வேண்டாமென்றால் போடாமல் விடட்டும்.

நான் ஆம்பூர்க்காரி. ஷூ ஃபேக்டரியில் கடைசி லைனில் இருந்தேன். தைத்து ஒட்டி வருகிற ஷூவில் பசை, பென்சில் கோடு, விரல் அழுக்கு எல்லாவற்றையும் துடைத்து, க்ரீம் காட்டிப் பெட்டிக்குள் அனுப்புகிற வேலை. ஆர்டர் கம்மியானபோது எங்கள் லைனையே எடுத்துவிட்டார்கள். வேலூர் இசைக்கருவிக் கடை ஒன்றில் கிட்டாருக்குத் தோல் வார் தைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வார் தைத்துக்கொண்டே சும்மா இருக்க முடியாமல் ஒரு நாள் ரிப்பேருக்கு வந்த கிட்டார் ஒன்றை எடுத்துத் துடைத்துவைத்தேன். முதலாளி பார்த்தார். "இன்னாம்மா மேரி, ஷூ தொடைக்கிற மாதிரியே தொடைக்கிறியே" என்றார். திட்டுகிறார் என்று நினைத்தேன். மறுநாளே என்னை ரிப்பேர் மேசைக்கு மாற்றிவிட்டார். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ் என்று அதற்கப்புறம் என் வாழ்க்கை அந்த மேசைக்கும் ஆம்பூருக்கும் நடுவிலேயே ஓடிவிட்டது.

முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய டூத் பிரஷ். கிட்டாரோடு யாராவது வந்தால் அவர் கிட்டாரைப் பார்க்கமாட்டார். "கையைக் காட்டு" என்பார். வந்தவருடைய கையை வாங்கி, திருப்பிப் பார்த்து, விரல் நுனியைத் தடவுவார். வேர்க்கிற கையா, வறண்ட கையா, நகம் வெட்டுகிற ஆளா என்று அதிலேயே தெரிந்துவிடும். "இந்தக் கைக்கு உப்பு ஜாஸ்தி. தந்தி சீக்கிரம் துரு புடிக்கும்" என்பார். அப்புறம்தான் கிட்டாரை வாங்கி, நடுவிலிருக்கிற ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். ஈரமா, பூஞ்சையா, யாராவது எதையாவது பூசினார்களா என்று மூக்குக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்கு வேலை.

வேலை இதுதான். தந்திகளை ஒரேயடியாக அறுக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்ற வேண்டும். ஓட்டையையும் உடம்பையும் காகிதம் வைத்து மூட வேண்டும். பலகையில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கிற உலோகக் கோடுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். அழுக்கு சேருவது அவற்றின் ஓரத்தில்தான். வேர்வையும் தோலும் தூசும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். அதைப் பழைய பிளாஸ்டிக் கார்டின் முனையால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். கத்தி, ஆணி மாதிரி இரும்பு முனை படக் கூடாது. பிறகு பஞ்சு மாதிரி இருக்கிற மெல்லிய ஸ்டீல் உல் கொண்டு மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும், குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் கீறல் விழும். தூளையெல்லாம் தட்டிவிட்ட பிறகு கடைசியில் எண்ணெய். அதையும் மரத்தில் ஊற்றக் கூடாது. துணியில் ஒரு சொட்டு விட்டு, அந்தத் துணியால் தடவ வேண்டும். சற்றுப் பொறுத்து, வேறு உலர்ந்த துணியால் தடவியதையெல்லாம் துடைத்து எடுத்துவிட வேண்டும். வார்னிஷ் போட்ட வெளுத்த பலகை என்றால் அந்தச் சொட்டும் கிடையாது.

"போடறது வேலை இல்லம்மா, எடுக்கறதுதான் வேலை" என்பார் பாய். "அதுக்கு வேண்டியதை அது குடிச்சிடும். மீதிய நீ எடுத்துடணும்."

இந்த எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். ஒரு காலேஜ் பையன் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கொண்டுவந்தான். பாய் மோந்து பார்த்தார். "இன்னாப்பா, இதுல பிரியாணியா செய்யப் போறே? இவ்ளோ எண்ணெய் உட்டுக்குறே?" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கேட்டார். பையன் முகம் செத்துவிட்டது. அவன் போன பிறகு, "கஸ்டமரை இப்படிப் பேசினா எவன் பாய் திரும்பி வருவான்?" என்றேன். "அவன் கோச்சிக்கினா வேற கடைக்குப் போவான். இந்த மரம் எங்கம்மா போவும்? அதுக்காகப் பேச ஒரு ஆள் வேணாமா?" என்றார். தப்பு செய்தவனிடம் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் அவர் யாரையும் அனுப்பி நான் பார்த்ததில்லை. ஒரே ஒருவரைத் தவிர.

மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் அருள்தாஸ் அண்ணன் வந்தார். துவைத்த சட்டை, தலையில் படிய எண்ணெய். கிட்டாரைக் குழந்தையைச் சுற்றுவது போல் ஒரு போர்வையில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பாய் வழக்கம்போலக் கையைக் கேட்டார். நகக்கண் எல்லாம் பழுப்புச் சாயம் ஏறிய கை.

"தோல் ஃபேக்டரியா?"

"ஆமா பாய். ஆம்பூரு. ஃபினிஷிங்ல இருக்கறேன்."

"கிட்டார் வாசிக்கிற கை இல்லியே இது?"

"எம் பொண்ணுது பாய்."

"பொண்ணை இட்டாந்திருக்கலாமே. அது கையைப் பார்த்தாதானே தெரியும்?"

"பொண்ணு இல்ல பாய்" என்றார். "செத்துப் போச்சு."

பாய் அந்தக் கையை விடவில்லை. பிடித்தபடியே ஸ்டூலை நகர்த்தி அவரை உட்கார வைத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே சொன்னார். மகள் பெயர் ஷீபா. காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர்களோடு சேர்ந்து வாசிப்பாள். போன வருஷம் காய்ச்சல் வந்தது. தாயில்லாத பெண், வீட்டில் அவர் ஒருவர்தான்.

"சளின்னு நெனைச்சிட்டேன் பாய். எங்கம்மா எனக்குச் செஞ்ச மாதிரி எண்ணெயைக் காய்ச்சி நெஞ்சுல தேய்ச்சி, போர்வையைப் போத்தி உட்டேன். 'நல்லா இருக்குப்பா'ன்னுதான் சொல்லிச்சு. மறுநாளும் தேய்ச்சேன். அப்புறம் மூச்சு வாங்கவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். முன்னாடியே வந்திருக்கலாமேன்னு டாக்டரம்மா கேட்டாங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரிஞ்சதைத்தானே பாய் நான் செய்ய முடியும்?"



வருஷ நினைவுக் கூட்டம் வருகிறதாம். ஷீபாவோடு பாடிக்கொண்டிருந்த தோழி பிரியா, அன்றைக்கு ஷீபாவின் கிட்டாரையே வாசிக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். எடுத்து வாசித்துப் பார்த்தால் எல்லாம் கரகரவென்று அடிக்கிறதாம். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த ஒரு நாள், அந்த ஒரு பாட்டுக்கு அது பேச வேண்டும், அவ்வளவுதான்.

போர்வையைப் பிரித்ததும் குப்பென்று ஒரு வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். ஃபேக்டரியில் தோல் விறைக்காமல் இருக்கப் போடுகிற எண்ணெய். விலை குறைந்த கிட்டார், பலகை லேசான மரம், மேலே கறுப்புச் சாயம் ஏற்றியது. எண்ணெயைக் குடித்துக் குடித்து அது நனைந்த தோல் மாதிரி மினுங்கியது. நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. உடம்புப் பக்கம் ஃப்ரெட்டுகள் வரிசையாக மேலே எழும்பி, தந்தியில் இடித்துக்கொண்டு நின்றன.

"இதுக்கு இன்னா போட்டீங்க?" என்று பாய் கேட்டார். அந்தக் குரலில் கோபமே இல்லை.

அண்ணன் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "வாராவாரம் எண்ணெய் காட்டுவேன் பாய். தோலுக்குப் போடற ஒசத்தி எண்ணெய். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி இதுக்குப் போட்டுட்டுத்தான் போவேன். மூலையில நிக்க வெச்சிருக்கறேன். ஒரு வாரம்கூட காய உட்டதில்ல பாய்."

நான் பாயைப் பார்த்தேன். பாய் ஓட்டையில் மூக்கை வைத்து வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "மழைக்காத்து. ஈரம் புடிச்சிடுச்சு. பேஜார்தான், பாக்கலாம்" என்றார்.

அவர் போன பிறகு நான் சண்டை போட்டேன். "ஊரான் பிள்ளையையெல்லாம் நிக்க வெச்சுத் திட்டுவீங்க. இவருக்கு மட்டும் ஈரமா? வீட்டுக்குப் போய் மறுபடியும் ஊத்துவாரே!" பாய் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் தந்தியைத் தளர்த்திக்கொண்டிருந்தார். "பொண்ணுக்கும் எண்ணெய்தான் தேய்ச்சேன்னு சொன்னதைக் கேட்டே இல்ல? இதையும் நான் எப்படிம்மா சொல்றது?" என்றார். அன்று ரயிலில் ஆம்பூர் வரைக்கும் எனக்கு அழுகை நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

எண்ணெயை வெளியே எடுக்க வேண்டும். தேய்த்தால் மரம்தான் போகும். ஷூவில் எண்ணெய்க் கறை பட்டால் ஃபேக்டரியில் சாக் பவுடர் போட்டு உறிஞ்ச வைப்போம். அதையே செய்யலாமா என்று கேட்டேன், பாய் தலையாட்டினார். வெள்ளைப் பெட்ரோலில் பவுடரைக் குழைத்துப் பலகை முழுக்க அப்பி, காய விட்டோம். காய்ந்ததும் பார்த்தால் வெள்ளையாகப் போட்டது மஞ்சளாக இருக்கும். டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடியும் அப்புவோம். மறுபடியும் மஞ்சள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக வெளியே வருகிற மாதிரி இருந்தது எனக்கு.

அப்படி அப்பி வைத்திருந்த ஒரு நாள்தான், சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்து நின்றார். வேலூருக்கு வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றார். மறைக்க நேரமில்லை. மேசையில் கிடந்ததைப் பார்த்தார். குனிந்து ஒரு விரலால் அந்த மஞ்சள் பவுடரைத் தொட்டு மூக்கில் வைத்தார். ஃபினிஷிங்கில் வேலை செய்கிற ஆளுக்கு அது எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"எண்ணெயை எடுக்கறீங்க" என்றார்.

பாய் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஈரம்னு சொன்னீங்களே பாய்?"

"இல்ல" என்றார் பாய். "எண்ணெய்தான். தோலுக்குச் சரி. இதுக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு."

"அப்ப இதையும் நானேதான்..." என்றவர் முடிக்கவில்லை. வலது கையால் தன் நெஞ்சில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன், என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணா, வேணாம்ணா, வேணாம்ணா" என்று நானும் கத்தி அழுதேன். தந்தி வாங்க வந்திருந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள்.

பாய் சமாதானம் சொல்லத் தெரியாத மனிதர். "இங்க வாங்க" என்றார். டூத் பிரஷ்ஷை எடுத்து, பலகையின் தலைப்பக்கம் காய்ந்திருந்த பவுடரை மெதுவாகத் தட்டினார். துணியால் ஒரு துடை துடைத்தார். எண்ணெய் போய் மரம் மங்கலாகியிருந்தது. அந்தக் கறுப்பில் முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக, சாயம் தேய்ந்து வெளுத்த சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தன. லேசான குழிகள். எண்ணெயின் மினுமினுப்பில் அவை இத்தனை நாளாய்க் கண்ணில் படவேயில்லை.

"இது ஈரமும் இல்ல, எண்ணெயும் இல்ல" என்றார் பாய். "இது உங்க பொண்ணு வெரல். அழுத்தி அழுத்தித் தேஞ்சிருக்குது."

அண்ணன் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

பாய் உடம்புப் பக்கத்தைக் காட்டினார். "நிக்க வெச்சிருந்தீங்க இல்ல, எண்ணெயெல்லாம் இறங்கி இங்க தங்கிடுச்சு. இங்க மரம் கெட்டுப்போச்சு. பொய் சொல்ல மாட்டேன், இந்த ஃப்ரெட்டெல்லாம் இனிமே நிக்காது. ஆனா பாருங்க, இந்தப் பக்கம் ஒரு வெரல் அடையாளம்கூட கிடையாது. உங்க பொண்ணு இங்க வந்ததே இல்ல. அது வாசிச்சதெல்லாம் மேல. மேல எல்லாம் நல்லாத்தான் இருக்குது."

உண்மைதான். விரல்களைச் சேர்த்து அழுத்துகிற சுரக்கட்டுகளில் மூன்று நான்கைத்தான் அந்தப் பெண் கற்றிருந்தாள். சர்ச் பாட்டுக்கு அதுவே தாராளம். கீழே போகக் கற்றுக்கொள்ள அவளுக்கு நாள் கிடைக்கவில்லை. ஆனால் அண்ணன் அந்த நேரத்தில் பிடித்துக்கொண்டது வேறு. "அப்ப அதுக்கு வேண்டிய எடம் கெடல?" என்று கேட்டார். "கெடல" என்றார் பாய்.

எழும்பி நின்ற ஃப்ரெட்டுகளைப் பாய் கழற்றி எடுத்துவிட்டார். கூட்டத்துக்கு நானும் போனேன். பிரியா வாசித்தாள். மேலே இருக்கிற ஃப்ரெட்டுகளுக்குள்ளேயே பாட்டு முடிந்துவிட்டது. கரகரப்பு இல்லை. அண்ணன் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும் என்னைத் தேடி வந்து, "பேசிச்சு தங்கச்சி" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளுக்கு முன்னால் கிட்டாரோடு கடைக்கு வருவார். நான் துடைத்து எண்ணெய் காட்டி முடிக்கும்வரை, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். "ஒரு சொட்டுதாண்ணா, நீங்களே தடவுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "ஐயோ, என் கை வேணாம் தங்கச்சி" என்பார். பாயும் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. பாய் மௌத் ஆன வருஷம், மையத்தை அடக்கம் செய்கிற இடத்துக்கு வந்தவர், என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்க இருப்பீங்க இல்ல?" என்றார்.

இருந்தேன், முடிந்தவரை. பிறகு விரல் மூட்டுகள் வீங்கி மடங்காமல் போயின. ரிப்பேர் மேசையில் கைதான் மூலதனம். கடையில் மாலை போட்டு அனுப்பினார்கள்.

போன மாதம் என் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணன் இறங்கினார். நன்றாகக் கிழடு தட்டிவிட்டது. அதே போர்வை, அதே கிட்டார். "கடைக்குப் போனேன், நீங்க நின்னுட்டீங்கன்னாங்க. புதுசா இருக்கற பொண்ணு செய்யறேன்னுச்சு. எனக்கு மனசு வரல" என்றார். நான் என் கையைக் காட்டினேன். துணியைப் பிடிக்க முடியாத கை. அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாய் பார்ப்பாரே, அப்படியே பார்த்தார்.

"என்னால ஆகாதுண்ணா. நீங்கதான் செய்யணும்."

"தங்கச்சி..."

"நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

தந்தியை அவரே தளர்த்தினார். அழுக்கு அதிகமில்லை, வருஷத்துக்கு ஒரு பாட்டுதானே. எண்ணெய்ப் புட்டியைத் திறந்து கொடுத்தேன். துணியில் ஒரே ஒரு சொட்டு விட்டு, புட்டியை உடனே மூடி என் பக்கம் தள்ளிவைத்தார். தலைப்பக்கமிருந்து ஆரம்பித்தார். அந்தச் சின்னக் குழிகள் வந்ததும் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவற்றைத் தொட்டதேயில்லை. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, துணியோடு மெதுவாகச் சுற்றினார். கடைசிவரை தடவி முடித்து என்னைப் பார்த்தார். டாக்டர் என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்ப்போமே, அப்படிப் பார்த்தார்.

"போதுமா தங்கச்சி?"

"போதும்ணா."

"கம்மியா இல்லியே? ஜாஸ்தியும் இல்லியே?"

"இல்லண்ணா. சரியா இருக்குது. நல்லா செஞ்சிருக்கீங்க."

உலர்ந்த துணியை நீட்டினேன். மிச்சத்தையெல்லாம் அவரே துடைத்து எடுத்தார். துணியை மடித்து என் மடியில் வைத்தார். அப்புறம்தான் அழுதார்.